மயக்க நீக்கம்: சொல்லும் பொருளும்

‘டிஸ்ஆம்பிகுவேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ என்று வழங்கி வருகிறோம். பவானி என்று தேடி வருபவரை, அவர் நாடுவது ஆறா ஊரா வட்டமா என்பதற்கேற்ப உரிய கட்டுரைக்கு அனுப்பும் பக்கத்துக்கு அது நல்ல பெயர். ஆனால், விக்கிப்பீடியா போன்ற திட்டங்களுக்குப் பொதுவான தரவுத்தளமாக 2012 அக்டோபரில் தொடங்கப்பட்ட விக்கித்தரவில் இதே ஆங்கிலச் சொல் வேறொரு வேலையையும் குறிக்கிறது. அங்கே யாருக்கும் வழி காட்டப்படுவதில்லை. விக்கித்தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘உருப்படி’ என்னும் தனிப் பக்கமும் அதற்கோர் எண்ணும் உண்டு. தவறுதலாக ஒரே எண்ணின்கீழ்க் கலந்து கிடக்கும் இரு பொருள்கள் தனித்தனியாகப் பிரிக்கப்படுகின்றன. இந்த இரண்டாவது வேலைக்கு ‘மயக்க நீக்கம்’ என்பதே தகுந்த தமிழ் என்பது என் கருத்து.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘ஆம்பி’ என்றால் இருபுறமும். ‘அகெரே’ என்றால் ஓட்டுதல், செலுத்துதல். இருபுறமும் இழுபடும் நிலையே ‘ஆம்பிகுவஸ்’. முன்னொட்டாகிய ‘டிஸ்’ அந்நிலையை விலக்குகிறது.

ஆறுகள் கூடும் பவானிக் கூடுதுறையில் நின்று பார்ப்பவருக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. நீலகிரிப் பகுதியில் தோன்றி, கேரளத்தின் அட்டப்பாடி வழியாகச் சென்று, மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வந்து, இங்கே காவிரியில் கலக்கும் ஆறும் பவானி. அந்தக் கூடலில் அமைந்த ஊரும் பவானி. இவை இரண்டும் விக்கித்தரவில் ஒரே உருப்படியாகிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மொழியின் கட்டுரை ஆற்றைப் பற்றியதாகவும் மற்றொரு மொழியின் கட்டுரை ஊரைப் பற்றியதாகவும் இருக்க, இரண்டையும் யாரோ நல்லெண்ணத்துடன் இணைத்துவிடுகிறார். அதன்பின் ஆற்றின் நீளம், அது கலக்கும் இடம் ஆகியவற்றோடு ஊரின் மக்கள்தொகையும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் வந்து சேர்கின்றன. படிக்கும் மனிதர் இதை உடனே உணர்ந்துகொள்வார். ஆனால் அந்தத் தரவை எடுத்தாளும் கணினி நிரலுக்கு, ஓர் ஆற்றில் இத்தனை ஆயிரம் பேர் வசிக்கிறார்கள் என்பது உண்மையாகவே பதிவாகிவிடும்.

‘மயங்குதல்’ என்பதன் பழைய பொருள் கலத்தல் என்பதாகும். இலக்கணத்தில் மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்று சொல்லும்போது குழப்பத்தையா குறிக்கிறோம்? ஒன்றோடொன்று சேர்வதைத்தான் குறிக்கிறோம். கலந்ததால் தெளிவு கெட்டது என்னும் பொருள் அதிலிருந்து கிளைத்தது. ஆகவே கலப்பு என்னும் காரணமும் தெளிவின்மை என்னும் விளைவும் இந்த ஒரு சொல்லிலேயே அடங்கியிருக்கின்றன. நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ‘மயங்க வைத்தல்’ என்பதையும் ஒன்றாக நன்னூல் எண்ணுகிறது. அதை இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் என்று கொங்கு நாட்டில் சொல்லப்பட்டு வருவதால், இச்சொல்லின்மீது எனக்குத் தனிப்பற்றும் உண்டு.

‘கவர்பொருள் நீக்கம்’ என்றும் சிலர் சொல்லக்கூடும். கவர் என்பது கிளைவழி ஆதலால் பொருத்தமானதே. ஆயினும், இன்று அச்சொல்லைக் கேட்பவர் ஈர்த்தலையோ பறித்தலையோதான் நினைப்பார். தெளிவு தர வந்த கலைச்சொல்லே இப்படித் தடுமாறச் செய்யக்கூடாது.

நீக்கும் முறையையும் தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது. பல பொருள் ஒரு சொல், வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவுபடும் என்பது அதன் விதி. ‘மா பூத்தது’ என்றால், பூத்தல் என்னும் வினையால் அது மரம் என்று தெரிந்துவிடுகிறது. மா என்பதற்கு விலங்கு என்றும் பொருள் இருந்தாலும், இங்கே அப்படி யாரும் கொள்வதில்லை. விக்கித்தரவில் இனத்தைச் சொல்வது பி31 என்னும் பண்பு, அதாவது உருப்படி எவ்வகையைச் சேர்ந்தது என்று காட்டும் தரவுப்புலம். ஒரே உருப்படியில் அது ஆறு என்றும் நகரம் என்றும் இரு மதிப்புகளைக் காட்டினால், அதுவே முதல் அறிகுறி. பிற உருப்படிகளிலிருந்து வரும் இணைப்புகளே சார்பு. அவற்றைப் பார்க்காமல் பிரிக்கத் தொடங்குவது பெரும்பிழை.

பிரிக்கும்போது பழைய எண்ணை, பெரும்பாலான இணைப்புகள் எந்தப் பொருளைக் கருதி வந்தனவோ அதற்கே விட்டுவிட்டு, மற்றொன்றுக்குப் புது உருப்படி தொடங்க வேண்டும். கூற்றுகளை, அதாவது உருப்படியில் பதிந்துள்ள தரவுகளை, ஒவ்வொன்றாகச் சான்றைப் பார்த்து நகர்த்தி, இரண்டுக்கும் இடையே ‘இதனின் வேறு’ என்னும் பொருள்தரும் பி1889 பண்பைச் சேர்க்க வேண்டும். பெயரின்கீழ் வரும் சிறு விளக்கத்தை நம்மவர் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். ஒன்றில் ‘காவிரியின் துணையாறு’ என்றும் மற்றொன்றில் ‘ஈரோடு மாவட்டத்திலுள்ள நகரம்’ என்றும் தமிழில் எழுதி வைத்தால், அடுத்து வருபவர் அவற்றை மறுபடியும் இணைக்க மாட்டார்.