குள்ள முயலின் மரபணுக் கணக்கு

நெதர்லாந்து குள்ள முயல் இணை ஒன்றை வளர்க்கும் வாசகர் ஒருவர், தம் பெட்டை முயல் ஈனும் குட்டிகளில் அவ்வப்போது ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதியளவே இருப்பதாகவும், புடைத்த நெற்றியோடும் மிகச் சிறிய காதுகளோடும் பிறந்து ஓரிரு நாள்களில் இறந்துவிடுவதாகவும், பிள்ளைகள் குட்டிகளைத் தொட்டதே காரணம் என்று வீட்டில் பேசிக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறார். பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். அக்குட்டி பிழைக்காது என்பது அது கருவான கணத்திலேயே உறுதியாகிவிட்டது.

போலிஷ் எனப்படும் சிறிய வெள்ளை முயலைச் சிறிய காட்டு முயல்களோடு கலந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் உருவாக்கப்பட்ட இனம் இது. 1969இல் அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கமும் இதனை ஏற்றுக்கொண்டது. அச்சங்கத்தின் வரையறைப்படி, வளர்ந்த முயலின் எடை 2.5 பவுண்டை, அதாவது ஏறத்தாழ 1.1 கிலோவைத் தாண்டக்கூடாது. உருண்டைத் தலை, குறுகிய முகம், குட்டைக் காது ஆகியவை இதன் அடையாளங்கள்.

இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் பொறுப்பு ஒரே ஒரு மரபணு: எச்எம்ஜிஏ2. அது உருவாக்கும் புரதம் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு, கருவில் இருக்கும் செல்கள் தொடர்ந்து பெருகத் துணைசெய்கிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இம்மரபணுவின் இரு பிரதிகளில், குள்ள முயல்களிடம் ஒரு பிரதியில் சுமார் 12,100 டிஎன்ஏ எழுத்துகள் அழிந்துபோயிருப்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அழிந்த பகுதியில் மரபணுவை இயக்கும் விசையும் அதன் தொடக்கப் பகுதியும் அடங்கும் என்பதால், அப்பிரதியிலிருந்து புரதமே உருவாவதில்லை.

பள்ளியில் படித்த ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்னும் பாகுபாட்டுக்குள் இது முழுமையாக அடங்குவதில்லை என்பதுதான் இதன் அழகு. இரண்டு நல்ல பிரதிகளும் உள்ள குட்டியின் பிறப்பெடையை மூன்று பங்கு என்று கொண்டால், ஒரு நல்ல பிரதி மட்டும் உள்ள குட்டி இரண்டு பங்கும், ஒன்றுமே இல்லாத குட்டி ஒரு பங்கும் எடை கொண்டிருக்கும். இரண்டு பங்குக் குட்டியே நாம் விரும்பி வாங்கும் குள்ள முயல். ஒரு பங்குக் குட்டியை வளர்ப்போர் நிலக்கடலை என்று அழைக்கிறார்கள். அதன் மண்டையோடு சரியாக உருவாகாது, அது பிழைப்பதும் இல்லை. இதே மரபணு முற்றிலும் செயலிழந்த சுண்டெலிகளோ குள்ளமாக இருந்தாலும் உயிர்வாழ்கின்றன. அவற்றின் வளர்ச்சி ஹார்மோனில் குறை ஏதும் இல்லை, செல்கள் பெருகுவதுதான் குறைவு. ஆக, குள்ளத்தன்மை மரபணுவால் வருவது; தீவனத்தைக் குறைத்தால் முயல் குட்டையாகவே இருக்கும் என்று சில விற்பனையாளர்கள் சொல்லும் யோசனை, முயலைப் பட்டினி போடுவதன்றி வேறில்லை.

செல்ல முயலின் மரபணுவுக்கு ஆராய்ச்சிப் பணம் எதற்கு என்று கேட்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். மனிதர்களின் உயர வேறுபாட்டோடு தொடர்புடையதாக 2007இல் கண்டறியப்பட்டதும் இதே மரபணுதான். மிகச் சிறிய உடலோடு குழந்தைகள் பிறக்கும் சில்வர்–ரஸ்ஸல் நோய்க்குறியிலும், சிலரிடம் இம்மரபணுவின் பழுது கண்டறியப்பட்டுள்ளது. பயன் எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க முடியாது என்பது என் கருத்து.

இனி, வாசகரின் முயல்களுக்கு வருவோம். குள்ள முயல்கள் இரண்டை இணைத்தால், கருவாகும் ஒவ்வொரு குட்டியும் பிழைக்காத குட்டியாக இருப்பதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆயினும் நான்கு குட்டிகள் கொண்ட ஓர் ஈற்றில் அப்படி ஒன்றுகூட இல்லாமல் போவதற்கும் ஏறத்தாழ 32 விழுக்காடு வாய்ப்புண்டு. சில ஈற்றில் நேர்ந்து, சில ஈற்றில் நேராததால்தான் பழி பிள்ளைகள்மேல் விழுகிறது. பிழைப்பவற்றிலோ இரண்டு குள்ளத்துக்கு ஒன்று சாதாரண உடலோடு இருக்கும். மஞ்சள் நிறச் சுண்டெலிகளில் இதே இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தை பிரெஞ்சு உயிரியலாளர் லூசியன் குவேனோ 1905இலேயே கண்டிருந்தார்.

குள்ள ஆணைச் சாதாரண உடலுள்ள அதே இனப் பெட்டையோடு இணைத்தால் என்ன ஆகும்? அப்போதும் பாதிக் குட்டிகள் குள்ளமாகவே பிறக்கும். மீதிப் பாதி சாதாரணமாக இருக்கும். இறந்துபோகும் குட்டி இராது. அதாவது, குள்ளத்தோடு குள்ளத்தை இணைப்பதால், பிறக்கும் மொத்தக் குட்டிகளில் குள்ளக் குட்டிகளின் பங்கு சற்றும் கூடுவதில்லை. உயிரோடிருக்க வேண்டிய ஒரு சாதாரணக் குட்டியின் இடத்தில் சாகும் குட்டி ஒன்று பிறக்கிறது, அவ்வளவே. காட்சிக்கு உதவாது என்று ஒதுக்கப்படும் பெரிய உடல் பெட்டைகளையே அனுபவமுள்ள வளர்ப்போர் பலர் தாய்முயலாக வைத்துக்கொள்வது இதனால்தான். அவற்றுக்கு ஈனுவதும் எளிது.