டிரெய்லர் ஆக்சிலும் உருளும் தம்ளரும்

பழைய டிராக்டர் டிரெய்லர் வாங்கிய நண்பர் கேட்டார்: "தகட்டுல எழுத்தெல்லாம் துரு தின்னுடுச்சு. இந்த ஆக்சில் எத்தனை டன் தாங்கும்? பேரிங் வேற கரகரங்குது." விற்றவர் "பத்து வருஷமா அஞ்சு டன் ஏத்துறேன், ஒண்ணும் ஆகல" என்றாராம். பத்து வருஷ பள்ளம் மேட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல் வளர்ந்துகொண்டே போய் ஒருநாள் பட்டென்று முறியும் என்பதால், அந்தப் பேச்சை நான் நற்சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தாங்கும் திறன் என்றால் ஆக்சிலின் இரும்புக் கட்டை மட்டும் இல்லை. பேரிங், ஸ்பிரிங் பட்டை, வீல் போல்ட், டயர், இதில் எது நோஞ்சானோ அதுதான் கணக்கு. டயரின் சுமைக் குறியீடு 121 என்றால் ஒரு டயருக்கு 1450 கிலோ. இரண்டு டயர் என்றால் 2900, அவ்வளவுதான். சதுரக் கட்டையின் வலு பக்க அளவின் மும்மடியைப் பொறுத்தது, 65 மி.மீ. கட்டையைவிட 75 மி.மீ. கட்டை ஒன்றரை மடங்கு தாங்கும். ஆனால் எஃகின் தரம் தெரியாமல் அளவை மட்டும் வைத்து டன் சொல்ல முடியாது.

சரி, பேரிங்குக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஒரு எவர்சில்வர் தம்ளரைத் தரையில் படுக்க வைத்து உருட்டுங்கள். நேராகப் போகாது, வட்டமடிக்கும். வாய்ப்பக்கம் அகலம், அடிப்பக்கம் குறுகல், ஒரு சுற்றில் வாய் அதிக தூரம் போகிறது. அந்த வட்டத்தின் மையம், தம்ளரின் பக்கங்களை நீட்டினால் சேரும் புள்ளி. சக்கர பேரிங்கின் உருளைகளும் குட்டித் தம்ளர்கள்தான்: எல்லாக் கூம்புகளையும் நீட்டினால் ஆக்சிலின் நடுக்கோட்டில் ஒரே புள்ளியில் சேரும்படி கடைந்திருப்பார்கள். அதனால் பெரிய முனையும் சிறிய முனையும் வழுக்காமல் உருளும். சாய்வாக இருப்பதால் மேலிருந்து வரும் சுமையோடு, திருப்பத்தில் வரும் பக்கத் தள்ளலையும் வாங்கிக்கொள்ளும். இடப்பக்கத் தள்ளலுக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) இரண்டை எதிரெதிராகப் பூட்டுவார்கள். குதிரை வண்டி செய்துகொண்டிருந்த அமெரிக்கர் ஹென்றி டிம்கன் 1898-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

மாற்று பேரிங் தேட ஆக்சில் கம்பெனி பெயரே வேண்டாம். கோனை (உருளைகள் கோத்த உள்வளையத்தை) மண்ணெண்ணெயில் கழுவி, அகலமான முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், எண் இருக்கும். 32210 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்குங்கள்: உள்விட்டம் 50 மி.மீ. (அங்குல அளவு பேரிங்குக்கு இந்தக் கணக்கு செல்லாது.) 30210-க்கும் உள்ளே 50, வெளியே 90 தான், ஆனால் அகலம் 21.75. 32210-க்கு 24.75. உருளை நீளமானால் சுமையும் கூடுதலாகத் தாங்கும். எண் அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோலால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் எடுத்துக் கடைக்குப் போங்கள், கோனையும், அது உட்காரும் வெளிவளையமான கப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்க மறக்காதவர்கள் இந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைக்க ஏன் மறக்கிறார்களோ!

நண்பர் கழுவிப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார். ஹப்பில் இருந்த கப் 32210. அதில் யாரோ மாட்டியிருந்த கோன் 30210.