அஃபிலியேட் – பரிந்துரைத் தரகு: ஒரு சொல் விளக்கம்

இணையக் கடையில் உள்ள ஒரு பொருளைத் தன் காணொளியிலோ பதிவிலோ எடுத்துக்காட்டி, அதை வாங்குவதற்கான இணைப்பையும் உடன் கொடுத்து, அந்த இணைப்பின் வழியே நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு பங்கைப் பெறுகிறவர் ‘அஃபிலியேட்’ எனப்படுகிறார். மலாயில் இச்சொல் ‘அஃபிலியாட்’ என்று வழங்குகிறது. செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ வீட்டில் இருந்தபடியே ஷொப்பி, லஸாடா, டிக்டோக் ஷாப் ஆகியவற்றின் பொருள்களைக் காட்டிக் காணொளி எடுக்கும் நம் பெண்களும் இளைஞர்களும் “அஃபிலியேட் பண்றேன்” என்றே தம் தொழிலைச் சொல்கிறார்கள். இவர்கள் சரக்கை வாங்கி வைப்பதில்லை, பொட்டலம் கட்டுவதில்லை, வாடிக்கையாளரிடம் பணம் பெறுவதும் இல்லை என்பதால் வணிகர் என்று அழைக்க முடியாது. மாதச் சம்பளம் இல்லாததால் ஊழியர் என்றும் சொல்ல முடியாது. தொழிலின் பெயர் தெளிவாக இல்லாத இடத்தில் தொழிலின் கணக்கும் தெளிவாக இருப்பதில்லை என்பதால், இச்சொல்லை அதன் வேரிலிருந்து பார்ப்பது பயன் தரும்.

‘ஃபிலியுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு மகன் என்று பொருள். அதிலிருந்து, ஒருவரைப் பிள்ளையாகத் தத்தெடுத்துக்கொள்வதைக் குறிக்கும் வினை இடைக்கால இலத்தீனில் உருவாகி, பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரு குழந்தையின் தந்தை இன்னார் என்று நீதிமன்றம் தீர்த்துச் சொல்வதற்கும் ஆங்கிலச் சட்டத்தில் இச்சொல்லே பயன்பட்டது. பிறகு சங்கத்தோடு சேர்ந்த கிளை, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த கல்லூரி, தாய் நிறுவனத்தைச் சார்ந்த நிறுவனம் என்று பொருள் விரிந்து, இணைய வணிகம் தோன்றிய 1990-களில் இன்றைய பொருளையும் ஏற்றது. 1996-இல் அமேசான் தன் திட்டத்தைத் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் ‘அசோசியேட்ஸ்’. என்றாலும் உலகெங்கும் தொழிலின் பொதுப்பெயராக நிலைத்தது அஃபிலியேட்தான். தத்துப்பிள்ளை என்னும் அந்த வேர்ப்பொருள், பரிந்துரைப்பவரைக் கடையின் வீட்டுக்குள் நிறுத்துகிறது. அவர் யார் பக்கம் நிற்கிறார் என்பதைச் சொல்கிறதே தவிர, என்ன வேலை செய்கிறார் என்பதைச் சொல்லவில்லை.

தமிழில் இதற்கு இதுவரை வழங்கும் சொற்களைப் பார்த்தால், ‘இணைப்புச் சந்தைப்படுத்தல்’ என்பதே அதிகம் கண்ணில் படுகிறது. இதில் ஓர் இடர் உண்டு: லிங்க் என்பதையும் நாம் இணைப்பு என்றே எழுதுவதால், எதை எதோடு இணைப்பது என்ற குழப்பம் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. ‘இணைவு’ என்றால் கல்லூரி நினைவு வருகிறது. ‘துணைமை’ என்பது அழகான சொல்லாயினும் பணத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. சங்க இலக்கியத்து ஆற்றுப்படை மரபை மனத்தில் கொண்டு ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று சொல்லலாமே என்று தோன்றும். பரிசில் பெற்று வரும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வள்ளலிடம் போகும் வழியைச் சொல்வது, தான் அடைந்ததையே பிறருக்குக் காட்டும் பண்பு என்பதால் அந்த எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால் அந்தப் பாணன் வழி சொன்னதற்காக வள்ளலிடம் பங்கு கேட்டவன் அல்லன். இச்சொல்லும் இன்று மனநல ஆலோசகர்களுக்கு வழங்குகிறது.

நான் முன்வைக்கும் சொல் ‘பரிந்துரைத் தரகு’. செய்பவர் பரிந்துரைத் தரகர். அவர் கொடுப்பது தரகு இணைப்பு. அவருக்கு வருவது தரகு. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைத்து, பேரம் முடிந்த பிறகு பெறும் கூலியே தரகு என்பதால், இத்தொழிலுக்கு அச்சொல் அப்படியே பொருந்துகிறது. கேரளத்தில் ‘தரகன்’ என்பது மதிப்புள்ள குடும்பப் பெயராக இன்றும் வழங்குவதிலிருந்து, பழைய வணிகத்தில் இத்தொழிலுக்கு இருந்த இடத்தை உணரலாம். வணிகச் சொற்களை இந்த மண்ணுக்கே கொடுத்தவர்கள் நாம்: மலாய்க்காரர்கள் கடையைக் ‘கெடாய்’ என்பதும், முதலீட்டை ‘மோடால்’ என்பதும் நம் கடையும் முதலும்தான். பினாங்கின் சூலியா தெருவில் தமிழ் முஸ்லிம் வணிகர்களும், பினாங்குத் தெருவில் வணிகக் கூடங்களான கிட்டங்கிகளில் நகரத்தார்களும் தமிழிலேயே கணக்கு எழுதிய ஊரில், ஒரு புதிய வணிகத்துக்குத் தமிழ்ச்சொல் கிடைக்காது என்று கைவிரிக்க வேண்டியதில்லை.

தரகு என்ற சொல்லுக்கு ஒரு கெட்ட வாடை உண்டு என்று சிலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் மலேசியத் தமிழருக்கு அதில் ஒரு வரலாறு இருக்கிறது. தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கத் தன் சொந்த ஊருக்கே போன கங்காணி, மலாயாவின் வளத்தைப் பற்றி உறவினரிடமும் ஊராரிடமும் பேசி அவர்களைக் கப்பலேற்றினார். சேர்த்த தலை ஒவ்வொன்றுக்கும் அவருக்குப் பணம் இருந்தது, பிறகு அவர்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கும் இருந்தது. கேட்டவர்கள் நம்பியது, சொன்னவர் நம்மவர் என்பதால். பரிந்துரைக்கும் வாய்க்கும் பெறும் பணத்துக்கும் இடையே இருந்த கணக்கு, முடிவெடுக்க வேண்டியவர்களின் கண்ணில் படவில்லை. 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்புக்குத் தடை விதித்தது. அந்த நினைவுள்ள சமூகத்துக்குள் தரகு வாங்குகிறவர், தரகு வாங்குகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்வதுதான் சொல்லின் கறையைக் கழுவும். பங்கு என்றோ அன்பளிப்பு என்றோ மழுப்புகிற சொல்லைவிட, உள்ளதைச் சொல்லும் தரகே நேர்மையானது.

எனவே காணொளியின் தொடக்கத்திலேயோ விளக்கக் குறிப்பின் முதல் வரியிலேயோ, “இது தரகு இணைப்பு, இதன் வழியே நீங்கள் வாங்கினால் கடை எனக்குத் தரகு தரும்” என்று எழுதுவது நல்லது. விளம்பரத்தை விளம்பரம் என்று தெரிவிக்க வேண்டும் என்பது 2022-இல் புதுப்பிக்கப்பட்ட மலேசிய உள்ளடக்க நெறிமுறையின் எதிர்பார்ப்பும் ஆகும். இப்படி எழுதினால் வருமானம் குறையும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. நம் பார்வையாளர் வட்டம் சிறியது. ஒரே குடும்பத்தில் அக்காவும் அண்ணியும் சித்தியும் ஒரே பக்கத்தைப் பார்க்கிறார்கள். அவர்கள் ஒருமுறை ஏமாந்தால் புலனக் (வாட்ஸாப்) குழுக்களில் செய்தி ஒரே மாலையில் பரவிவிடும், ஒருமுறை நம்பினால் அடுத்த தீபாவளிக்கும் அதே பக்கத்தைத் தேடி வருவார்கள் என்பதே நான் பார்த்தவரை உண்மை.

தரகு என்ற சொல் வருமானக் கணக்கையும் நேர்படுத்துகிறது. பேரம் முடியாமல் தரகு இல்லை. ஆகவே பார்வைகளின் எண்ணிக்கையோ விருப்பக் குறிகளோ பணம் ஆகா. இணைப்பைத் தொட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் வாங்கியவர்கள் எத்தனை பேர், பொருளின் விலை என்ன, தரகு விழுக்காடு என்ன, திருப்பி அனுப்பப்பட்டது எவ்வளவு என்ற ஐந்தும் சேர்ந்துதான் மாத இறுதியில் வெள்ளியாகின்றன. ஒரு முறுக்கு உரல் 40 வெள்ளி, தரகு 8 விழுக்காடு. ஒரு மிக்சி 450 வெள்ளி, தரகு 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். உரல் ஒன்றுக்கு 3.20 வெள்ளியும் மிக்சி ஒன்றுக்கு 13.50 வெள்ளியும் கிடைக்கும் என்பதால் பலரும் மிக்சியின் பக்கம் சாய்கிறார்கள். ஆனால் இரண்டு காணொளிகளிலும் முந்நூறு பேர் இணைப்பைத் தொட்டு, உரலை 24 பேரும் மிக்சியை 4 பேரும் வாங்கி, ஒரு மிக்சி திரும்பிவிட்டால், உரலுக்கு 76.80 வெள்ளி, மிக்சிக்கு 40.50 வெள்ளி. விலை குறைந்த பொருளை வாங்க யாரும் கணவரையோ மனைவியையோ கேட்பதில்லை. விலை கூடிய பொருளை வாங்க மூன்று நாள் யோசித்து நான்கு காணொளி பார்க்கிறார்கள்.

அந்த மூன்று நாள் யோசனையில்தான் தரகு கைமாறுகிறது. வாங்குபவர் எந்த இணைப்பின் வழியே வந்தார் என்பதைக் கடை, உலாவியில் பதியும் சிறு கோப்பான குக்கி கொண்டும் வாங்குபவரின் பயனர் கணக்கு கொண்டும் குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்புக்கு ஆயுள் உண்டு. அமேசானில் அது 24 மணி நேரம், அதற்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் 90 நாள்வரை நீடிக்கும். மற்றக் கடைகள் தத்தம் விதியை வைத்திருக்கின்றன. இதைத் தமிழில் ‘உரிமைக் காலம்’ என்று சொல்லலாம். பல திட்டங்களில் கடைசியாகத் தொடப்பட்ட இணைப்புக்கே தரகு உரியது என்பதால், ஒருவர் உங்கள் விளக்கத்தைப் பார்த்து மனம் இசைந்து, வாங்கும் நேரத்தில் வேறொருவரின் சலுகைச் சீட்டு இணைப்பைத் தொட்டால் உழைப்பு உங்களுடையது, பணம் அவருடையது. 11.11, 12.12 போன்ற பெருவிற்பனை நாள்களில் இது மிகுதியாக நடக்கும். நாடே ஒரே நாளில் ஒரே பொருளைத் தள்ளும்போது சிறிய பக்கத்தின் இணைப்பு நிலைப்பது கடினம்.

ஆகையால் நம் நாள்காட்டியைப் பிடிப்பதே அறிவுடைமை என்பது என் துணிபு. தைப்பூசத்துக்கு முன்னால் பால்குடமும் மஞ்சள் உடையும், பொங்கலுக்கு முன்னால் பானையும், தீபாவளிக்கு முன்னால் உரலும் அதிரசத் தட்டும் தேடப்படும். அவற்றைத் தமிழில் விளக்குபவர்கள் சிலரே. பலகாரம் சுடும் வாரத்தில் உரலைக் காட்டிப் பயனில்லை. பொருள் வெளிநாட்டிலிருந்து வருவதாயின் கப்பலுக்கும் சுங்கத்துக்கும் நாள் விட்டு, ஐந்தாறு வாரம் முன்பே காணொளி வெளியாக வேண்டும்.

விளக்கத்தின் தரத்தை ஒரே பொருளில் காட்டுகிறேன். இந்தியாவில் செய்த மிக்சியை விற்கும் பக்கங்களில் வாட் எண்ணும் ஜாடி எண்ணிக்கையும் இருக்கும். பத்து மலையருகே வீடு கொண்ட ஒருவருக்குத் தெரிய வேண்டியது வேறு: அதன் செருகி இந்திய முறையில் உருண்டைக் கால் மூன்றோடு வருகிறதா, அல்லது நம் சுவரில் பொருந்தும் தட்டைக் கால் மூன்றோடு வருகிறதா, எரிசக்தி ஆணையத்தின் விதிப்படி, தரச் சான்று நிறுவனமான சிரிமின் முத்திரை ஒட்டியிருக்கிறதா, ஜாடியின் ரப்பர் வளையம் தேய்ந்தால் மஸ்ஜித் இந்தியா பக்கத்துக் கடைகளில் மாற்று கிடைக்குமா, ஊறிய உளுந்தைப் போட்டால் எத்தனை நிமிடத்தில் மோட்டார் சூடேறுகிறது. இவற்றைக் கையில் செருகியை ஏந்திக் காட்டினால் வாங்கக்கூடாதவர் வாங்கமாட்டார், வாங்கியவர் திருப்பி அனுப்பமாட்டார். திரும்பி வரும் பொருளுக்குத் தரகு பிடித்துக்கொள்ளப்படும் என்பதால், குறையையும் சொல்லும் காணொளி மாத இறுதியில் கூடுதலாகவே தரும்.

சில பொருள்களில் தரகு விழுக்காடு கண்ணைப் பறிக்கும் அளவுக்கு உயர்ந்திருக்கும். முகப்பூச்சும் உடல் இளைக்கும் தூளும் பெரும்பாலும் அந்த வகை. மலேசியாவில் அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. (NOT) என்று தொடங்கும் அறிவிப்பு எண்ணும், மருந்துக்கும் சத்துமருந்துக்கும் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். மருந்து விளம்பரத்துக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முன் ஒப்புதலும் தேவை. ஒப்புதல் பெற்ற விளம்பரத்தில் கே.கே.எல்.ஐ.யு. எண் காணப்படும். பாதரசம் கலந்ததாகக் கண்டறியப்பட்ட வெளுப்புப் பூச்சுகளின் அறிவிப்பை மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அவ்வப்போது நீக்கி வருகிறது. அந்த எண்களைச் சரிபார்க்காத பரிந்துரை, பார்ப்பவரின் தோலையும் பரிந்துரைத்தவரின் பெயரையும் ஒருசேரக் கெடுக்கும். எத்தனை விழுக்காடு தந்தாலும் அதைத் தொட வேண்டாம் என்றே சொல்வேன்.

கணக்கேட்டில் மூன்று சொற்களைத் தனித்தனிப் பத்தியாக வைத்துக்கொள்வது நல்லது. பொருள் விற்றும் திருப்பி அனுப்பும் கெடு முடியாதது ‘நிலுவைத் தரகு’; கெடு கடந்து கடை ஒப்புக்கொண்டது ‘உறுதித் தரகு’; வங்கிக்கு வந்தது ‘பெற்ற தரகு’. திரையில் தெரியும் பெரிய எண் பெரும்பாலும் முதல் வகை என்பதால், அதை நம்பித் தவணைக்குப் படப்பிடிப்பு விளக்கும் கைப்பேசியும் வாங்கிவிட்டு இடர்ப்படுகிறவர்கள் பலர். பெற்ற தரகு 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு உட்பட்டது. தொழிலாக நடத்துகிறவர், பகலில் வேறு வேலையில் இருந்தாலும், பி படிவத்தில் ஜூன் 30-க்குள் கணக்குக் காட்ட வேண்டும். கடைகள் இலவசமாக அனுப்பும் மாதிரிப் பொருள்களுக்கும் மதிப்பிட்டு அதில் சேர்க்க வேண்டும். அந்த வருமானத்துக்காகவே செய்த செலவைக் கழிக்கவும் இடமுண்டு. அதற்குச் சான்றான ரசீதுகளையும் கடை தரும் மாதாந்தரத் தரகுப் பட்டியலையும் ஏழு ஆண்டுகளுக்குப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும்.