அர்தஷீர் அரண்மனையின் மூலைகளில் ஒரு வித்தை

சதுரமான அட்டைப்பெட்டி ஒன்றை மூடியில்லாமல் வைத்து, அதே அகலமுள்ள பேசினை அதன்மேல் கவிழ்த்துப் பாருங்கள். நான்கு பக்கமும் நடுவில் மட்டும் விளிம்பு ஒட்டும், நான்கு மூலையும் ஆவென்று திறந்து கிடக்கும். செங்கல்லிலோ கல்லிலோ குவிமாடம் கட்டுகிறவருக்கு இதுதான் தலைவலி. ரோமாபுரியின் பாந்தியன் கோயிலில் சுவரையே வட்டமாக எழுப்பிப் பிரச்சினையைத் தவிர்த்துவிட்டார்கள். தவிர்க்காமல் நேராக மோதியவர்களில், இன்றும் பார்க்கக் கிடைக்கிற பெரிய ஆரம்பகால உதாரணம் ஈரானின் ஃபார்ஸ் மாகாணத்தில், ஃபிரூசாபாத்தில் இருக்கிறது. கட்டியவர் சாசானியப் பேரரசை நிறுவிய முதலாம் அர்தஷீர்.

அங்கே முதன்முதலில் கட்டத் தொடங்கியபோது அவர் பேரரசர் இல்லை, அப்போது ஈரானை ஆண்டுகொண்டிருந்த பார்த்திய மன்னன் அர்தவானுக்கு அடங்கியிருக்க வேண்டிய சிற்றரசர்தான். ஆனாலும் மலை உச்சியில் கலே தொக்தர் என்ற கோட்டை, கீழே சமவெளியில் சுமார் 2 கிலோமீட்டர் விட்டத்தில் வட்டமாக கோர் என்ற நகரம்! யாரைக் கேட்டு ஊர் கட்டுகிறாய் என்று அர்தவான் கடிதம் எழுதியதாகப் பின்னால் வந்த வரலாற்றாசிரியர் தபரி சொல்கிறார். கடைசியில் 224-இல் ஹொர்மொஸ்தகான் போரில் அர்தவான் மாண்டார். அதற்கப்புறம் எழுந்ததுதான் சமவெளியில் உள்ள அரண்மனை, ஒரே வரிசையில் மூன்று குவிமாடங்களோடு.

சரி, மூலைக்கு வருவோம். அறையின் பக்கம் 14 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குவிமாடத்தின் வட்டத்திலிருந்து அறையின் மூலைக்கு உள்ள தூரம் கிட்டத்தட்ட 2.9 மீட்டர். அந்த இடத்தில் குவிமாடத்தின் அடியில் காற்றுதான் இருக்கும். ஃபிரூசாபாத் கொத்தனார்கள் ஒவ்வொரு மூலைக்கும் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்கு, பாதிக் கூம்பு போலக் குடைந்த சிறு வளைவைத் தூக்கிவிட்டார்கள். பாரசீகத்தில் இதற்கு ஸெகோஞ்ச் என்று பெயர், மூன்று மூலை என்று அர்த்தம். நான்கு மூலையையும் இப்படி வெட்டினால் சதுரம் எண்கோணமாகிவிடும், 2.9 மீட்டர் இடைவெளி 0.6 மீட்டருக்கும் குறைவாகச் சுருங்கும். அந்த மிச்சத்தைக் கல்லை வரிசைக்கு வரிசை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளி வைத்தே சரிக்கட்டலாம். வளைவின்மேல் விழும் பாரமும் இரண்டு பக்கமாகப் பிரிந்து சுவருக்குள் இறங்கிவிடுகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது சாந்து. ஜிப்சக் கல்லைச் சுமார் 150 டிகிரியில் சுட்டால் அதற்குள் கட்டுண்டிருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும், பொடியாக்கித் திரும்பத் தண்ணீர் ஊற்றினால் சில நிமிடங்களில் படிகமாகி இறுகும். கை உடைந்தால் போடுகிற மாவுக்கட்டு இதே சரக்குதான். சுண்ணாம்பு மாதிரி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, வைத்த கல் வைத்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். ஒரு சுற்று முடிந்ததும் கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாமே நிற்கும் என்பதால் கீழே மரச்சாரம் முட்டுக்கொடுத்து வைக்காமலே அடுத்த சுற்றுக்குப் போகலாம், அதுவும் பெரிய மரங்கள் அரிதான நாட்டில்.

ஆனால் குவிமாடம் அடிப்பக்கத்தில் வெளியே பிதுங்கப் பார்க்கும். அதற்கு அவர்களிடம் நுணுக்கமான பதில் எதுவும் இல்லை, சுவரைச் சுமார் 4 மீட்டர் தடிமனுக்குக் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தச் சுவர்களின் உட்புறத்தில் மாடங்களுக்கு மேலே சாந்தில் செய்த அலங்காரம் மட்டும் புதிது அல்ல, அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, பழைய பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸின் அரண்மனை வாசல்களில் செதுக்கியதை அப்படியே பார்த்துச் செய்தது.