மாத்திரை தொடங்கியதும் கிரியாட்டினின் ஏறுவது ஏன்?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் பெட்டிகளில் நிரப்பும் தொழிலாளி ஒருவர், பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் கிளினிக்குக்கு இரண்டு பரிசோதனைச் சீட்டுகளோடு வந்தார். பத்தாண்டுகளாகச் சுகரும் பிரஷரும் உள்ளவர். முதல் சீட்டில் கிரியாட்டினின் 1.4, சிறுநீரகத்தைக் காக்க நாங்கள் கொடுத்த மாத்திரை தொடங்கி மூன்று வாரம் கழித்து எடுத்ததில் 1.6. "நீங்க குடுத்த மாத்திரைதான் டாக்டர் உப்பை ஏத்திடுச்சு, நிறுத்திட்டேன்" என்றார். இங்கே பலர் கிரியாட்டினினை உப்பு என்றே சொல்வார்கள். சமையல் உப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை, அது தசைகளில் உண்டாகி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு. மாத்திரையால் அது சற்று ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக மாத்திரையை நிறுத்தியதுதான் தவறு.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் முடிச்சு. இரத்தம் நுழைய ஒரு குழலும் வெளியேற ஒரு குழலும் அதற்கு உண்டு. தண்ணீர் லாரியின் ஹோஸ் பைப் நுனியைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால், பைப்பின் நடுவே உள்ள ஊசித் துளைகளிலும் நீர் பீறிடும் அல்லவா? நீரிழிவில் நுழைவுக் குழல் விரிந்துவிடுகிறது, ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வெளியேறும் குழலை இறுக்குகிறது. இடையில் மாட்டிக்கொண்ட முடிச்சில் அழுத்தம் கூடி, ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிய, வடிகட்டி மெல்லத் தழும்பேறிப் போகிறது. இதில் ஏமாற்று என்னவென்றால், அழுத்தம் கூடியிருக்கும்வரை வடிகட்டுதலும் மிகையாக நடப்பதால், கிரியாட்டினின் பல ஆண்டுகள் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். சிறுநீரில் ஆல்புமின் அளவைப் பார்க்காமல் கிரியாட்டினினை மட்டும் பார்ப்பது, என் கருத்தில், பாதிப் பரிசோதனை.

எனாலப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் ஆகிய பிரஷர் மாத்திரைகள் வெளியேறும் குழலைத் தளர்த்துகின்றன. சுகர் மாத்திரையான டாபாகிளிஃப்ளோசின் வேறு வழியில் நுழைவுக் குழலைச் சுருக்குகிறது; 2020இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் அது பயன் தந்தது. எந்த வழியானாலும் முடிச்சின் அழுத்தம் இறங்கும்போது வடிகட்டுதல் சற்றுக் குறைந்து, கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தை மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். இவருக்கு ஏறியது சுமார் 14 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல் போனாலோ இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்தாலோதான் காரணம் தேட வேண்டும். அதனால்தான் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் இரண்டையும் மறுபடி பார்க்கச் சொல்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அவற்றை நிறுத்தாமல் போடவைப்பதுதான் பெரும்பாடு.

வேறு ஏதாவது போடுகிறாரா என்று கேட்டேன். தோள்வலிக்காக, மெடிக்கல் கடையில் தானே கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கை இரவுதோறும் போட்டுவந்ததைச் சொன்னார். நுழைவுக் குழலைத் திறந்து வைத்திருப்பது உடலே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலி மாத்திரை அதைத்தான் தடுக்கிறது. வாசலும் சுருங்கி, வடிகாலும் தளர்ந்திருக்கும் நேரத்தில், வெயிலில் வேர்த்தோ பேதியிலோ உடலில் நீர் வற்றினால் வடிகட்டுதல் திடீரெனச் சரிந்துவிடும். அவருடைய 1.6இல் எந்த மாத்திரைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் காவலுக்கு வைத்ததை நிறுத்திவிட்டு, கெடுப்பதைத் தொடர்ந்திருந்தார்.

டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி, பழைய மாத்திரையைத் திரும்பத் தொடங்கினோம். வாந்தி பேதி வந்தால் உடனே வந்து கேட்கச் சொன்னோம். கருவாட்டைக் குறைக்கச் சொன்னபோது மட்டும் முகம் வாடியது. சமையல் உப்பு மிகுந்தால் இம்மாத்திரைகள் ஆல்புமின் கசிவைக் குறைக்கும் வேகம் மங்கிவிடும் என்பதால் அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. மூன்று மாதம் கழித்து வந்த சீட்டில் கிரியாட்டினின் 1.5, சிறுநீரில் கிரியாட்டினினோடு ஒப்பிட்ட ஆல்புமின் விகிதம் 620இலிருந்து 410க்கு இறங்கியிருந்தது. அவர் விரல் இன்னும் கிரியாட்டினின் வரியில்தான் நிற்கிறது.