ஹெல்மெட்டில் எது கழன்றுவர வேண்டும், எது கழலவே கூடாது

போன வாரமும் ஒன்று வந்தது. மழை ஈரத்தில் வண்டி சறுக்கி முகம் குப்புற விழுந்த ஒரு கல்லூரிப் பையனின் ஹெல்மெட். அவன் அப்பா துணிப்பையில் போட்டு எடுத்துவந்து என் மேஜையில் வைத்தார். "ஃபுல் ஃபேஸ்னு சொல்லித்தான் சார் குடுத்தாங்க. அப்புறம் எப்படி சார் தாடை உடைஞ்சுது?"

ஹெல்மெட் வடிவமைப்பதும் சோதனைக் கூடத்தில் அதைப் போட்டு உடைப்பதும் என் பிழைப்பு. அதனால் தெரிந்தவர்கள் மூலமாக இப்படி ஏதாவது வந்துகொண்டே இருக்கும். எடுத்துப் பார்த்தேன். தாடைப் பகுதி தனித் துண்டு. பக்கத்துக்கு ஒன்றாக, விரல் நுனி அளவில் இரண்டு பிளாஸ்டிக் முளைகள். அவை ஓட்டிலுள்ள குழிகளில் போய் 'டக்'கென்று உட்காரும், அவ்வளவுதான். டிபன் பாக்ஸ் கிளிப்கூட இதைவிட அழுத்தமாகப் பிடிக்கும். இடப்பக்க முளை ஒடிந்திருந்தது. வலப்பக்க முளையில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு பக்கம் விட்டதும் மறுபக்கம் சும்மா உருவிக்கொண்டு வந்துவிட்டது. பையனின் தாடை தரையில் பட்ட நேரத்தில் அங்கே ஹெல்மெட்டே இல்லை.

அவன் பிழைத்துவிட்டான், தாடையில் பிளேட் வைத்திருக்கிறார்கள். வெளி ஓடும் அதற்குள் இருக்கும் தெர்மாகோலும் மண்டையைக் காப்பாற்றிவிட்டன. ஆனால் 'ஒரு ஹெல்மெட், மூன்று ஸ்டைல்' என்று விற்கும் இந்தக் கழற்றி மாட்டும் ரகத்தைப் பற்றி இனியும் ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

முன்னால் ஒரு வளைவு இருந்தாலே அது ஃபுல் ஃபேஸ் ஆகிவிடாது. தயவுசெய்து இதை இரண்டு தடவை படியுங்கள். உண்மையான ஃபுல் ஃபேஸில் தாடைப் பகுதி ஓட்டோடு ஒரே வார்ப்பு. அதைப் பிரிக்க வேண்டுமென்றால் ரம்பம் வேண்டும். அடுத்தது ஃப்ளிப்-அப், அதாவது தாடைப் பகுதியை மேலே தூக்கிவிடலாம். பி.எம்.டபிள்யூ 1981-இல் கொண்டுவந்த 'சிஸ்டம்' ஹெல்மெட்டிலிருந்து புழங்கும் சங்கதி இது. அதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் இரண்டு பக்கமும் உலோகக் கொக்கி வைத்து, ஓட்டில் பதித்த உலோக முளையைக் கவ்வ வைப்பார்கள். பட்டனை அழுத்தினால் ஒழிய அது விடாது. மூன்றாவது ரகம்தான் நம் பையன் போட்டிருந்தது. அது ஓப்பன் ஃபேஸ், அதாவது முகம் திறந்திருக்கும் ஹெல்மெட். அதன் முன்னால் காற்றும் தூசியும் படாமலிருக்க ஒரு முகமூடி, அது பார்வைக்குத் தாடைக் காப்பு மாதிரி இருக்கும். கடையில் மூன்றையும் வரிசையாக அடுக்கி வைத்தால் தூரத்திலிருந்து எனக்கே வித்தியாசம் தெரியாது. பிரச்சினையே அதுதான்.

"ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கே சார்" என்பார்கள். இருக்கும். ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தரத்தில் தேறிய ஓப்பன் ஃபேஸ் ஹெல்மெட்டுக்கும் அந்த முத்திரை உண்டு. 2021 ஜூன் 1 முதல் அது இல்லாத ஹெல்மெட்டை இந்தியாவில் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. முத்திரை வேண்டும், உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கவும் வேண்டும். ஆனால் முத்திரை இருப்பதாலேயே கழன்றுவரும் தாடைத் துண்டு அடி தாங்கும் என்று அர்த்தமில்லை. ஐரோப்பியத் தரமான இ.சி.இ. 22.06 இந்த விஷயத்தில் குழப்பமே வைக்கவில்லை. லேபிளில் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் தாடைப் பகுதி சோதித்துத் தேறியது. 'ஜே' என்றால் தாடைக் காப்பு இல்லாத ரகம். இரண்டும் சேர்ந்திருந்தால் தாடையை மூடியும் தூக்கியும் இரண்டு நிலையிலும் தேறியது. 'என்.பி.' என்றால் துண்டு இருக்கிறது, காக்காது. கடைசியாகச் சொன்னதை விற்பது குற்றமில்லை, ஆனால் வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு விற்க வேண்டும். ஜெர்மனியின் ஹனோவரில் நடந்த விபத்து ஆய்வில் ஹெல்மெட்டில் பதிந்த அடிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில்தான். அங்கே போய் 'முகமூடி' வைத்துவிட்டு ஸ்டைல் என்றால் எப்படி?

கடையிலேயே பார்த்துவிடலாம். தாடையை மூடி, ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, தாடைப் பகுதியை இரண்டு கைகளாலும் வெளிப்பக்கமாக இழுங்கள். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இழுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கொக்கி உலோகமா என்று உள்ளே எட்டிப் பாருங்கள். மூடும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூட்டுகிறதா என்று காது கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு, மூடிவிட்ட மாதிரி தெரிவது இந்த ரகத்தின் பரம்பரை வியாதி. ஃப்ளிப்-அப் வைத்திருப்பவர்களுக்கு: சிக்னலில் தூக்குங்கள், டீக்கடையில் தூக்குங்கள். அதைத் தூக்கி வைத்துக்கொண்டே ஈ.சி.ஆரில் பறக்காதீர்கள்.

இதுவரை கழலக் கூடாததைப் பற்றிச் சொன்னேன். இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. அது எனக்கு இன்னும் எரிச்சல், ஏனென்றால் அதைச் செய்கிறவர்கள் அக்கறையானவர்கள்.

மண் தடத்தில் ஓட்டுகிறவர்களின் ஹெல்மெட்டில் நெற்றிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பீக் பார்த்திருப்பீர்கள். அதைப் பிடித்திருக்கும் திருகுகள் பல ஹெல்மெட்டுகளில் வெறும் நைலான். என்னிடம் வரும் பீக் ஹெல்மெட்டுகளில் பாதியில் ஒரு திருகாவது மாறியிருக்கும்: தொலைந்துபோன நைலானுக்குப் பதில் ஹார்ட்வேர் கடையில் வாங்கிய எஸ்.எஸ். போல்ட், அடியில் வாஷர், அதோடு நிற்காமல் லாக் நட். "காத்துக்கு ஆடிச்சு சார், டைட் பண்ணிட்டேன்." தம்பி, அந்தத் திருகு ஒடிவதற்காகவே வைத்தது! விழும்போது பீக் தரையில் குத்தும். திருகு ஒடிந்தால் பீக் மட்டும் போகும். ஒடியாவிட்டால் பீக்கே நெம்புகோலாகி ஹெல்மெட்டைத் திருப்பும், ஹெல்மெட் தலையைத் திருப்பும், தலை கழுத்தைத் திருப்பும். நேரடி அடியைவிட இந்தத் திருகலை மூளை தாங்குவது கஷ்டம். 22.06 தரத்தில் சாய்ந்த பரப்பின் மேல் மோதவிட்டு இந்தச் சுழற்சியை அளக்கும் சோதனையைச் சேர்த்ததே அதனால்தான். ஃபாக்ஸ் நிறுவனம் தன் பந்தய ஹெல்மெட் ஒன்றில் பீக்கைக் காந்தத்தில் ஒட்ட வைத்திருக்கிறது, அடி பட்டால் தானாக விட்டுவிடும். அமெரிக்க விதியில் ஓட்டுக்கு வெளியே விறைப்பான எதுவும் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது.

இப்போது கேமரா மவுண்ட்டை யோசித்துப் பாருங்கள். ஓட்டில் துளை போட்டு, உள்ளே நட் வைத்து முடுக்கியிருக்கிறார்கள். வெளியே நெம்புகோல், உள்ளே மண்டையைப் பார்த்து ஓர் இரும்புத் துண்டு. பூனைக் காது, ரப்பர் கொம்பு எல்லாம் ஒட்டும் டேப்பில் இருந்து கையால் இழுத்தால் வருகிறதென்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன். தின்னர் கலந்த பசை, ஸ்ப்ரே பெயின்ட் வேண்டாம். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் செய்த ஓடு என்றால் அது தின்றுவிடும், கண்ணுக்குத் தெரியாது.

வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வருஷம் தவறாமல் 'பல பயன் தலைக்கவசம்' என்று புராஜெக்ட் வருகிறது: கட்டட வேலைக்கும் அதுவே, பைக்குக்கும் அதுவே, மலையேற்றத்துக்கும் அதுவே, பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். படம் பிரமாதமாக இருக்கும். நான் கேட்பது ஒன்றுதான்: தாடைப்பட்டை, அதாவது தாடைக்கு அடியில் மாட்டும் வார், எத்தனை நியூட்டன் விசையில் பிடியை விட வேண்டும்? தொழிற்சாலை ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 397. அதன்படி பட்டை 150-க்கும் 250 நியூட்டனுக்கும் இடையில் விட்டுவிட வேண்டும், எங்காவது ஹெல்மெட் மாட்டிக்கொண்டால் ஆளைத் தூக்கில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. மலையேற்றத்துக்கான ஈ.என். 12492 நேர்மாறு: 500 வரை விடக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு ஈ.என். 1080, அதிலும் பட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். சைக்கிள் ஹெல்மெட்டோடு சறுக்குமரம் ஏறுகிற பிள்ளைகள் தொங்கிவிடக் கூடாது. பெட்ஸல் நிறுவனத்தின் சில ஹெல்மெட்டுகளில் ஒரே பட்டையைத் தரை வேலைக்கு ஒரு நிலை, உயரத்து வேலைக்கு ஒரு நிலை என்று மாற்றலாம். நான் பார்த்ததில் நாணயமான 'பல பயன்' அது. பாகத்தை வரைவதற்கு முன் அது எந்த விசையில் விட வேண்டும், எந்த விசை வரை விடக் கூடாது என்று பக்கத்தில் எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் அதைக் கழற்றும்படி வடிவமைக்காதீர்கள்.

சைட்டில் போடும் மஞ்சள் ஹெல்மெட்டோடு பைக் ஓட்டுகிற மேஸ்திரிகள், சூப்பர்வைசர்கள், உங்களுக்கும் இதுவே பதில். அது மேலிருந்து விழும் செங்கல்லுக்காகச் செய்தது. போலீஸ்காரர் கண்ணுக்கு ஹெல்மெட். தார் ரோட்டுக்கு அது ஹெல்மெட் இல்லை.

கழற்றுவதே பாவம் என்று சொல்லவில்லை. கன்னத் திண்டுகளை மாற்றிக்கொள்ள முடிவது நல்ல வடிவமைப்பு: தொளதொளவென்று இருந்தால் தடிப்பான திண்டு போட்டு முகத்துக்கு இறுக்கலாம். துணி உறையைக் கழற்றி ஷாம்பூவில் அலசி நிழலில் உலர்த்துங்கள், வாரம் முழுக்க ஊறின வியர்வை அது. சில ஹெல்மெட்டுகளில் கன்னத் திண்டின் அடியில் சிவப்பு நாடா தொங்கும். விபத்தில் 108-இல் வருகிறவர்கள் அதைப் பிடித்து இழுத்தால் திண்டு வெளியே வந்துவிடும்; அப்புறம் கழுத்தை அசைக்காமல் ஹெல்மெட்டை எடுக்கலாம். அதை அறுத்துப் போடாதீர்கள். ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் பதறிப்போய் ஹெல்மெட்டைப் பிடுங்கவும் வேண்டாம். மூச்சு விடுகிறார் என்றால் ஆம்புலன்ஸ் வரட்டும்.

உள்ளே இருக்கும் தெர்மாகோலில் மட்டும் கை வைக்காதீர்கள். ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு இடம் போதவில்லை என்று காதுக்கு மேலே கரண்டியால் சுரண்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், ஒரு தேங்காய்ப் பத்தை அளவுக்குக் காணோம். அடி படும்போது தலை வேகம் குறைந்து நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் அந்தத் தடிமன்தான். ஸ்பீக்கருக்குக் குழி வைத்தே வரும் ஹெல்மெட்டுகள் இருக்கின்றன, அதை வாங்குங்கள்.

தெர்மாகோல் ஒரு தடவைதான் நசுங்கும். ஓடு மின்னினாலும், பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் முடிந்த கதை. புது வைசரும் புதுத் துணியும் மாட்டி அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளாதீர்கள், தம்பிக்கும் கொடுக்காதீர்கள். பழைய ஹெல்மெட்டின் வெளி ஓட்டுக்குப் பாலிஷ் போட்டு, வேறு ஹெல்மெட்டின் பாகங்களை மாட்டி ரோட்டோரத்தில் விற்கிறார்கள். உங்களுடையது அங்கே போகாமலிருக்க, தூக்கிப் போடும் முன் கத்தரிக்கோலால் தாடைப்பட்டையை இரண்டு பக்கமும் ஓட்டோடு ஒட்ட நறுக்கிவிடுங்கள்.