ஃபியார்டும் உப்பங்கழியும் ஒன்றல்ல

நாகர்கோவில் பக்கத்திலிருந்து குழுவாக வெளிநாட்டுச் சுற்றுலா போகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நார்வே, நியூசிலாந்துப் பயணத் திட்டத்தைத் தமிழிலேயே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதில் தவறாமல் 'உப்பங்கழியில் படகுப் பயணம்' என்று ஒரு வரி வருகிறது. ஃபியார்டைத்தான் அப்படி எழுதுகிறார்கள். கூட வரும் வழிகாட்டித் தம்பிகளும் மைக்கைப் பிடித்தால் அதையேதான் சொல்கிறார்கள். கழியையே பார்த்திராத ஊர்க்காரர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். மணக்குடிக் காயலையும் தேங்காய்ப்பட்டணத்து ஆற்றுமுகத்தையும் பார்த்து வளர்ந்த நாம் சொல்லலாமா?

ஃபியார்டு நார்வேக்காரர்களின் சொல். 'போதல், கடத்தல்' என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது என்பார்கள். ஆறு கடக்கும் துறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், தோணியைக் குறிக்கும் 'ஃபெர்ரி'யும் அதே குடும்பம். வேரை மட்டும் பார்த்தால் நம்மூர்க் 'கடவு' பொருந்தும். ஆனால் சொல் வேரைவிட்டு வெகுதூரம் போய்விட்டது. இன்று நிலவியலில் அதற்கு ஒரே பொருள்தான்: பனியாறு, அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனிக்கட்டி, மலையைக் குடைந்து உண்டாக்கிய பள்ளத்தாக்கில் கடல் புகுந்து நிற்கும் இடம். எழுத்தைப் பார்த்து 'ஃப்ஜோர்டு' என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் ஜகர ஒலியே கிடையாது, யகரம்தான்.

சரி, கழி என்றால் என்ன? பழையாறு கடலில் சேரும் மணக்குடிக்குப் போய்ப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து, அடியில் சேறு, ஓரத்தில் கண்டல் மரம், கொஞ்சம் தள்ளி உப்பளம். ஆழம் குறைவு. கம்பை ஊன்றித் தள்ளினாலே வள்ளம் போகும். கோடையில் முகத்துவாரத்தில் மணல் திரண்டு அடைத்துக்கொள்ளும், மழை வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு போகும். அந்த முகத்துவாரத்தைத்தான் பொழி என்கிறோம். பொழிக்கரை என்று ஓர் ஊரே இருக்கிறது. நெய்தல் பாட்டில் வரும் இருங்கழியும் இதேதான். அங்கே பூ மலரும், நாரை நின்று மீன் பிடிக்கும். நாரை நிற்கும் அளவுக்குத்தான் கழியின் ஆழம்.

நார்வேயின் சோக்ன ஃபியார்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள் போகிறது. அதன் ஆழம் 1,300 மீட்டருக்கும் அதிகம். நம்மூர் மருத்துவாழ்மலையை அதற்குள் இறக்கினால் உச்சிகூட வெளியே தெரியாது. நியூசிலாந்தின் மில்ஃபோர்டு சவுண்டு இதைவிடச் சிறியது, நீளம் 15 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் படகில் நின்றால் மைட்டர் சிகரம் தண்ணீரிலிருந்து 1,680 மீட்டருக்கு மேல் நேராக எழுந்து நிற்கிறது. நடுவில் கரை என்று ஒன்றே இல்லை, பாறையும் தண்ணீரும்தான்.

எங்கள் குழுவில் கடலோரத்துப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். வழிகாட்டி 'இந்த உப்பங்கழி' என்று தொடங்கியதும் அவர் கேட்டார்: "மக்கா, கழின்னா கம்பு ஊணணும்லா? இங்க எங்க ஊண?" தம்பி சிரித்துச் சமாளித்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு மேல் ஒரு சொல்லாராய்ச்சியும் தேவையில்லை.

மில்ஃபோர்டில் படகு அருவியை ஒட்டிப் போனபோது தண்ணீர் கறுந்தேநீர் நிறத்தில் இருந்தது. ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம் அது. காட்டு இலைச்சாற்றோடு இறங்கும் மழைநீர் கடல் தண்ணீருக்கு மேலே தனி அடுக்காக மிதக்கிறது. அது வெளிச்சத்தை மறைப்பதால், ஆழ்கடலில் வாழும் கருப்புப் பவளம் அங்கே மேலேயே வளர்கிறது. கழியில் நன்னீரும் உப்புநீரும் கலந்து கிடக்கும், இங்கே இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. வாய்ப் பக்கம் ஆழம் குறைவு, உள்ளேதான் அதிகம். பனியாறு இழுத்து வந்த பாறைக் குவியல் வாயில் படிபோலக் கிடப்பதுதான் காரணம். கழியோ மணலும் சேறும் படிந்து தூர்ந்துகொண்டே வரும். பிறந்த விதம், ஆழம், தண்ணீர் எதிலும் ஒற்றுமை இல்லை. கடல் உள்ளே வருகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுவது சோம்பல்.

'கடல் ஏரி' என்று சிலர் எழுதுகிறார்கள். அதுவும் சரியில்லை. இலங்கைத் தமிழர்கள் மட்டக்களப்பில் இருப்பது போன்ற ஆழமில்லாத நீர்ப்பரப்பைக் கடனீரேரி என்கிறார்கள். அந்தச் சொல் அவர்களுக்கு நன்றாக உழைக்கிறது. அதை ஏன் கெடுக்க வேண்டும்?

எனக்குப் பிடித்தது 'விடர்க்கடல்'. விடர் என்றால் மலைப்பிளப்பு. விடர்முகை என்று சங்கப்பாட்டில் குறிஞ்சிநிலத்தைப் பற்றிய பேச்சில் வரும். மலைப்பிளப்பில் நிற்கும் கடல், அவ்வளவுதான். காமுகனைக் குறிக்கும் விடன் என்பதன் பன்மையும் விடர்தானே என்று நண்பர் ஒருவர் மறுத்தார். கால் என்றால் காற்று, பாதம், நான்கில் ஒன்று, வாய்க்கால் எல்லாம்தான். இடம் பார்த்துப் புரிந்துகொள்ளாத தமிழர் உண்டா? பெயர்ச்சொல்லாக வரும்போது ஃபியார்டு என்றே எழுதிக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. விளக்கம் சொல்லும்போதாவது விடர்க்கடல் என்று சொல்லலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கக் கூடாது. நார்வேக்காரர்களே டிரிஃபியோர்டன் என்ற நன்னீர் ஏரிக்கும் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் தே அனாவ் ஏரியின் மேற்குக் கிளைகளுக்கும் ஃபியார்டு என்றே பெயர். அங்கே கடல் இல்லை, எனவே ஏரிவிடர் என்று சொன்னால் போதும். விடர் என்ற பகுதி இரண்டிலும் மாறாது. உப்பங்கழி என்று தொடங்கியவர்கள் நன்னீர் ஏரிக்குள் வந்து என்ன செய்வார்கள்?

மொழிபெயர்ப்பவர்கள் பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்ப்பதால் வரும் வினைதான் எல்லாம். மில்ஃபோர்டு சவுண்டை 'மில்ஃபோர்டு ஒலி' என்று அச்சடித்த தாளைப் பார்த்திருக்கிறேன். சவுண்டு என்பது அங்கே கடல் நிலத்துக்குள் புகுந்த இடம். ஆங்கிலப் பெயர் வைத்தவர்களே தவறினார்கள்: ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால்தான் சவுண்டு. அந்நாட்டின் மால்பரோ சவுண்ட்ஸ் அந்த வகை. மில்ஃபோர்டு பனியாறு குடைந்தது.

அப்புறம் இந்தப் 'பனிப்பாறை'. கடலில் மிதப்பதும் பனிப்பாறை, மலையிலிருந்து நகர்ந்து இறங்குவதும் பனிப்பாறை என்று நாளிதழ்கள் ஒரே சொல்லை வைத்து ஓட்டுகின்றன. இறங்கி நகர்வது பனியாறு. அது ஆறு என்று தெரிந்தால்தான் மலையை எப்படிக் குடைந்தது என்று வாசிப்பவருக்குப் புரியும். பயணத் திட்டம் எழுதுகிறவர்கள் பனியாறு, விடர்க்கடல், ஏரிவிடர் என்று இந்த மூன்றையாவது திருத்தி எழுதட்டும். உப்பங்கழி வேண்டுமென்றால் மணக்குடிப் பயணத்தின் தாளில் போடட்டும்.